தனாசிஸ் வளர்த்த ஈக்கள்

மனைவியிடம் ‘வீட்டுக்கு வா’ என்று மட்டும் தன் வாயால் சொல்வதில்லை என்று தனாசிஸ் முடிவெடுத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. எடுத்த அன்று அது பெரிய வீரமாகத் தெரிந்தது. ஐந்தாவது வாரத்தில் அந்த வீரம் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து, காய்ந்த ரொட்டிக்கு ஆலிவ் காய் தொட்டுத் தின்றுகொண்டிருந்தது.

போனவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. அடிலெய்டில் இருக்கும் தங்கை மரீக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். “ரெண்டே வாரம்” என்று சொல்லித்தான் கலியோபி தங்கள் ஊர் ரென்மார்க்கில் பஸ் ஏறினாள். பதினான்கு நாளுக்குப் பதினான்கு டப்பா சமைத்து, ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுத்தான் போனாள். பதினைந்தாம் நாள் தனாசிஸ் ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே பனிக்கட்டி மட்டும் இருந்தது. மரீக்காவின் முழங்கால் அதற்குள் நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டதாகவும், அக்காவும் தங்கையும் சாயங்காலங்களில் கடற்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு உலாவுவதாகவும் தகவல் வந்தது. இப்போது ஏழாவது வாரம் ஓடுகிறது.

‘வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்கலாம். அவருக்குச் சொல்லத் தெரியாது, அதுதான் விஷயம். நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிடும். காபி வரும், சட்டை வரும், திட்டு வரும். அப்படியே கேட்கிற பழக்கம் விட்டுப்போனது. திராட்சைத் தோட்டத்தை விற்று மூன்று வருஷம் ஆகிறது. மகன் பெர்த்தில். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பான். மற்ற ஆறு நாளும் அவரிடம் எதையும் கேட்க ஆள் இல்லை. காலையில் காபி போட்டால் கை பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போடும். தன் கோப்பையைக் குடித்துவிட்டு, எதிர்க் கோப்பை ஆறுகிறவரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அதையும் அவரே குடிப்பார்.

தினமும் பதினோரு மணிக்கு கலியோபி போன் பண்ணுவாள். அந்தப் பேச்சு முழுவதையும் இங்கேயே எழுதிவிடலாம்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

“பிரஷர் மாத்திரை?”

“போட்டேன்.”

“செடிக்குத் தண்ணி?”

“விட்டேன்.”

“சரி, வைக்கிறேன். மரீக்கா கூப்புடறா.”

அவ்வளவுதான். ஒன்றரை நிமிஷம். அதற்காக அவர் ஒன்பது மணியிலிருந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு திங்கட்கிழமை பீச் பழத் தட்டை எடுத்தபோது, அதிலிருந்து பொசுக்கென்று ஒரு கூட்டம் எழும்பியது. கடுகைவிடச் சின்னப் பொடி ஈக்கள். பழம் கீழ்ப்பக்கம் கூழாகியிருந்தது. தனாசிஸ் ஒரு துண்டை எடுத்து வீசினார். ஈக்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தன. அன்று பதினோரு மணிக்கு, சொல்ல வேறு ஒன்றும் இல்லாததால் அதைச் சொன்னார்.

“கிச்சன்ல பொடி ஈ வந்துருக்கு.”

வைக்கப்போன போன் வைக்கப்படவில்லை.

“எவ்ளோ?”

“நெறைய.”

“பழத்த வெளியவே வெச்சிருக்கியா?”

“தட்டுலதான் இருக்கு.”

“அந்தத் தட்டுல ஏன் வெச்ச? பிப்ரவரி வெயில்ல பழத்த ஃப்ரிட்ஜுல வைக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் பழம் பறிச்சு வித்த மனுஷன்தானே நீ?”

“பழம் மரத்துல இருக்கறவரைக்கும்தான் என் பொறுப்பு. தட்டுக்கு வந்தா நீதானே பொறுப்பு.”

“ஆமா, நான் செத்துப்போனா நீ என்ன பண்ணுவ? ஈ கூட குடும்பம் நடத்துவியா? எந்திரி. ஒரு கிளாஸ் எடு. வினிகர் ஊத்து. பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு விடு. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு. மேல பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டி, பல் குத்தற குச்சியால ஓட்ட போடு. வாசனைக்கு உள்ள போவும், வெளிய வரத் தெரியாது. போட்டியா? இரு, நான் லைன்லயே இருக்கேன்.”

லைனிலேயே இருந்தாள். கிளாஸ் எந்த அலமாரியில், வினிகர் எது, ஆலிவ் எண்ணெய் எது, குச்சி எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் தப்பாகவே எடுத்தார். போனை வைத்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்துமூன்று நிமிஷம். கல்யாணமான புதிதில்கூட அவள் அவரிடம் இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அன்று மத்தியானம் ரொட்டி கொஞ்சம் மிருதுவாக இருந்த மாதிரி பட்டது.

வந்தது கேடு மறுநாள். வைத்தியம் பலித்துவிட்டது. கிளாஸின் அடியில் அத்தனை ஈயும் செத்துக் கிடந்தன. சமையலறை சுத்தம்.

“ஈ எப்படி இருக்கு?”

“போயிடுச்சு.”

“நல்லது. மாத்திரை போட்டியா? சரி, வைக்கிறேன்.”

ஒரு நிமிஷம் பத்து வினாடி. தனாசிஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கிளாஸிலிருந்த வினிகரைத் தொட்டியில் கொட்டினார். கொல்லைக்குப் போனார். அத்திமரத்தடியில் விழுந்து வெடித்துக் கிடந்த பழங்களில் நல்ல அழுகலாக ஏழெட்டுப் பொறுக்கி எடுத்தார். பெரிய வெள்ளைத் தட்டில் வட்டமாக அடுக்கினார். நடுவில் ஒரு கிண்ணத்தில் மிச்சமிருந்த சிவப்பு ஒயினை ஊற்றி வைத்தார். பாத்திரம் துடைக்கிற துணியைப் பிழியாமல் போட்டார்.

நாற்பது வருஷம் விவசாயம் பண்ணின கை. எதை வளர்த்தாலும் நன்றாகத்தான் வளரும். வெள்ளிக்கிழமைக்குள் விளைச்சல் அமோகம். அவர் காபி குடிக்க உட்கார்ந்தால், எதிர்க் கோப்பையின் விளிம்பில் ஏழெட்டு ஈக்கள் வரிசையாக உட்கார்ந்துவிடும். “சூடா இருக்கு, பாத்து” என்று ஒருநாள் அவற்றிடம் சொன்னார். சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. நேற்று போனை வைத்ததிலிருந்து அவர் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

போன் மட்டும் நீண்டுகொண்டே போனது.

“தனாசி, சிங்க் ஓட்டையில கொதிக்கிற தண்ணி ஊத்துனியா?”

“ஊத்துனேன். குளிச்சிட்டு வந்து உக்காந்துருக்கு.”

“வெங்காய மூட்டைக்கு அடியில பாத்தியா?”

“பாத்தேன். அங்க ஒரு கூட்டம் தனிக்குடித்தனம் வெச்சிருக்கு.”

“காலி ஒயின் பாட்டில் எல்லாம் கழுவிக் கவுத்துனியா?”

“கழுவுனேன்.”

“பொய் சொல்லாத. பாட்டில் கழுவற ஆளா நீ? காகிதத்தக் கூம்பு மாதிரி சுருட்டி ஜாடி வாயில வையின்னேனே?”

“வெச்சேன். அது வழியா உள்ள போயி, அது வழியாவே வெளிய வருது. படிச்ச ஈ போலருக்கு.”

“ஊருக்கு மேல பிளேன்ல வந்து மலட்டு ஆம்பள ஈயக் கொட்டிட்டுப் போறானுங்க, தோட்டத்து ஈ பெருகாம இருக்க. எங்க வீட்டுக்கும் ஒரு கூடை கொட்டுங்கடான்னு சொல்லணும்.”

“ஏன், வீட்ல இருக்கற ஒண்ணு போதாதா?”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அவள் சிரிக்கிறாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தனாசிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவள் பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சிரிப்பை ஒருதரமாவது நின்று கேட்டோமா என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மேவிஸ் ஒருநாள் முட்டை கொண்டுவந்தாள். மேவிஸுக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணாடி போட்டால்தான் கண் தெரியும், ஆனால் காது மட்டும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“தனாசிஸ், அழுகுன பழத்த ஏன் விருந்து மாதிரி அடுக்கி வெச்சிருக்க?”

“அது எங்க கிரேக்க வழக்கம், மேவிஸ்.”

“முப்பது வருஷமா பக்கத்துல இருக்கேன். கலியோபி இந்த வழக்கத்தப் பண்ணி நான் பாக்கலையே.”

“இது ஆம்பளைங்க மட்டும் பண்றது.”

மேவிஸ் முட்டையை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெரிய சமாளிப்பு சமாளித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஈ வந்த பதினோராம் நாள் கலியோபி ஈயைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு குண்டைப் போட்டாள்.

“மரீக்கா ஈஸ்டர் வரைக்கும் இருன்னு சொல்றா.”

தனாசிஸ் ஈஸ்டர் எப்போது என்று காலண்டரைப் பார்த்தார். இன்னும் ஆறு வாரம். ‘வேண்டாம், வா’ என்று தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது. அதற்குப் பதிலாக வாயிலிருந்து வேறொன்று வெளியே குதித்தது.

“இன்னைக்கு வந்த ஈ வேற மாதிரி இருக்கு.”

“எப்படி?”

“பெருசா. பழுப்பா. ஒடம்புல மஞ்சக் கோடு.”

ரொம்ப மெதுவாக, “எத்தன கோடு?” என்றாள்.

“ரெண்டு. மூணு. எண்றதுக்குள்ள பறந்துடுச்சு.”

“பழத்துக்குள்ள புழு இருக்கா?”

இனிப் பின்வாங்க முடியாது. “இருக்கு” என்றார்.

“அப்போ இது வெளையாட்டு இல்ல. எதையும் தொடாத. பழ ஈ வந்தா சொல்லச் சொல்லி அரசாங்கம் குடுத்த நம்பருக்கு நான் இப்பவே பேசறேன்.”

போன் வைக்கப்பட்டது.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது தனாசிஸுக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த ஊரில் ஒரு மனுஷன் வாயால் சொல்லவே கூடாத வார்த்தை அது. கோடு போட்ட பழ ஈ ஒரு கொல்லையில் இருக்கிறது என்றால், அந்தக் கொல்லையோடு போகாது. சுற்றிலும் உள்ள அத்தனை தெருவும் தடை வளையத்துக்குள் வரும். மரங்களை மொட்டையடிக்கச் சொல்வார்கள். பெட்டி கட்டி நிற்கிற ஆரஞ்சும் திராட்சையும் சந்தைக்குப் போக முடியாமல் நிற்கும். வெளிப் பழம் வரக்கூடாதென்று நெடுஞ்சாலையில் வைத்திருக்கிற தொட்டியில் பழத்தைப் போடாமல் ஊருக்குள் கொண்டுவந்த ஒரு வெளியூர்க்காரனை இதே தனாசிஸ் பெட்ரோல் பங்கில் வைத்து, கிரேக்கத்தில் பாதி ஆங்கிலத்தில் பாதியாக அரைமணி நேரம் திட்டியிருக்கிறார். இப்போது அந்தத் தெருக்கோடியில் மூன்று பேரின் அறுவடை பெட்டியில் இருக்கிறது. அவர்கள் அப்பன்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டியவர் இவர்.

அவளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பேசிக்கொண்டிருக்கிறாள் என்று வந்தது. யாரோடு பேசுகிறாள் என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தார். தெரியாது, பாவம்.

தட்டைத் தூக்கினார். தொடாதே என்று சொன்னாளே என்று கீழே வைத்தார். ஈக்கள் எழும்பி, ஏதோ விசேஷம் என்று சந்தோஷமாகச் சுற்றின. அந்த நேரத்தில் வாசலில் வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் அட்டையோடு இறங்கினாள்.

தனாசிஸ் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

“அம்மா, கோடு இல்ல.”

“என்ன கோடு, ஐயா?”

“எந்தக் கோடும் இல்ல. புழுவும் இல்ல. எல்லாம் வெறும் பொடி ஈ. நானே தட்டுல பழம் வெச்சு வளத்தேன். தெருவ ஒண்ணும் பண்ணிடாதீங்க. தப்பு என்னோடது.”

அந்தப் பெண்ணின் பெயர் ரோவினா. சட்டையில் எழுதியிருந்தது. அவள் அட்டையைக் கீழே இறக்கினாள்.

“ஈய வளத்தீங்களா? எதுக்கு?”

பக்கத்து வீட்டில் மேவிஸ் ரோஜாவுக்கு அடித்துக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றுவிட்டது. அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. வெயிலில் வெறுங்காலோடு நின்று, ஏழு வாரமாக உள்ளே கிடந்த அத்தனையையும் கொட்டினார்.

“எங்க வீட்டுக்காரி ஊருக்குப் போயி ஏழு வாரம் ஆச்சும்மா. ஈ இருந்தா அரைமணி நேரம் பேசறா. ஈ இல்லன்னா ஒரு நிமிஷம். கோடு இருக்குன்னு சொன்னா பதறிட்டு ஓடி வருவான்னு சொன்னேன். அவ இல்லாம என்னால இந்த வீட்ல இருக்க முடியல. ரெண்டு கோப்பையும் நானே குடிக்கிறேன். அவ வரணும். அவ்ளோதான். அரசாங்கத்துக்கிட்ட சொல்ல வேற ஒண்ணும் இல்ல.”

ரோவினா கண்ணைச் சிமிட்டிக்கொண்டாள்.

“ஐயா, நான் ஒங்க எலுமிச்ச மரத்துல தொங்கற பழ ஈப் பொறியப் பாக்க வந்தேன். வழக்கமா வர்றதுதானே. போன தடவகூட எனக்கு எலுமிச்ச குடுக்கப் பாத்தீங்க, வாங்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

“அப்போ யாரும் போன் பண்ணலையா?”

“எனக்கு ஒண்ணும் வரல.”

இருந்தாலும் கடமைக்கு ஒருமுறை உள்ளே வந்து பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். ஒரு பழத்தைப் பிளந்து பார்த்தாள். வெறும் பொடி ஈதான் என்றாள். ஆனால் ஒரு வீட்டுக்குள் இத்தனை செழிப்பாக இதுவரை கண்டதில்லை என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் பையில் போட்டு இறுகக் கட்டித் தொட்டியில் போடச் சொன்னாள். பிறகு எலுமிச்சை மரத்துப் பொறியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இதுல இருக்கறதெல்லாம் பெரும்பாலும் நாங்களே விட்ட மலட்டு ஈங்கதான். தொண தேடி வந்து மாட்டிக்கும், பாவம்” என்றாள்.

தனாசிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கிளம்பும்போது, “இப்போ எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றாள். அவர் வண்டிக் கதவை மரியாதையாகச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

பையைக் கட்டி முடிக்கவில்லை, போன் அடித்தது.

“கவர்மெண்ட் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?” கலியோபிதான்.

“யாரு சொன்னது ஒனக்கு?”

“மேவிஸ் குழாய நிறுத்திட்டு நின்னாளாம். ஒரு வார்த்தகூட விடாம சொல்லிட்டா. ரெண்டு தரம் சொன்னா. ரெண்டாவது தரம் சொல்லும்போது அழுதுட்டா.”

“நீ அந்த நம்பருக்குப் பேசலையா?”

“எதுக்குப் பேசணும்? நீ தட்டுல பழத்த அடுக்கி வெச்சிருக்கறத முட்ட கொண்டுவந்த அன்னைக்கே சொல்லிட்டா. இன்னைக்கும் அவகிட்டதான் பேசிட்டிருந்தேன். போயி அந்த மனுஷன் என்ன பண்றான்னு வேலி ஓரமா நின்னு பாருன்னேன். குழாயப் புடிச்சுக்கிட்டு நின்னா.”

“அப்போ எல்லாம் தெரிஞ்சும் ஏன் தினம் வைத்தியம் சொன்ன?”

“நீ பேசுனியே, தனாசி.”

அவள் மூச்சு கேட்டது.

“நாப்பத்தாறு வருஷத்துல நீ எப்போ எங்கூட அரைமணி நேரம் பேசுன? தெராட்சயப் பத்திப் பேசுவ, தண்ணியப் பத்திப் பேசுவ, அதையும் வெளிய போயி பேசுவ. இங்க மரீக்கா தினமும் பதினோரு மணிக்கு என்னப் பாத்து சிரிக்கறா. புதுசா கல்யாணம் ஆனவ மாதிரி போனத் தூக்கிட்டு மாடிப்படியில போயி உக்காந்துக்கறன்னு. ஈ செத்துப்போச்சுன்னு நீ சொன்ன அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல.”

தனாசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஈ வந்து அவர் கைமேல் உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை.

“அந்தப் பொண்ணுகிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லு” என்றாள்.

“அதான் மேவிஸ் சொல்லிட்டாளே.”

“மேவிஸையா கட்டிக்கிட்டேன்?”

தொண்டையில் நின்ற வார்த்தை இன்னும் அங்கேயேதான் நின்றது. ஆனால் அரசாங்கத்திடம் ஒருமுறை சொல்லிவிட்டதால் வழி கொஞ்சம் தேய்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய செல்லப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

“வீட்டுக்கு வா, போப்பி.”

மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “இன்னொரு தரம் சொல்லு. மரீக்காவுக்குச் சரியா கேக்கலையாம்” என்றாள்.

“வீட்டுக்கு வான்னு சொன்னேன்” என்று கத்தினார். வெளியே மேவிஸின் குழாய் மறுபடியும் நின்றது.

“சரி, வர்றேன். நாளைக்கு மத்தியானம் பஸ்.”

“நாளைக்கா? ஈஸ்டர் வரைக்கும்னு சொன்னியே?”

“நீ மஞ்சக் கோடுன்னு சொன்னியே. ஒனக்கு அந்தப் பொய், எனக்கு இந்தப் பொய்.”

“நாளைக்கு பஸ்ஸுன்னா, டிக்கெட்டு கெடைக்குமா இப்போ?”

“போன வியாழக்கெழமையே எடுத்து வெச்சாச்சு. நீ இன்னும் ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இருந்திருந்தா, நீதான் ஜெயிச்சிருப்ப.”